வளர்த்தவங்களுக்குத்தான் கோப்பை

பெங்களூரில் எங்கள் புறாக் கழகத்தின் போன ஜனவரி ஷோ முடிந்து, பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம். ஜீவனஹள்ளியிலிருந்து வந்த தம்பி ஒருவன் விசிறி போல வால் விரிக்கும் தன் லக்காப் புறாவை அட்டைப்பெட்டியில் வைத்துக் கயிறு கட்டியபடியே என்னிடம் கேட்டான்: "அண்ணா, முதல் பரிசு வாங்கினது நல்ல புறாதான், நான் ஒத்துக்கிறேன். ஆனா அதை யார் வளர்த்தாங்கன்னு மைக்ல சொல்லவே இல்லையே?"

அவனுடைய லக்காவுக்கு இரண்டாம் இடம். முட்டையிலிருந்து அவன் மாடியிலேயே வளர்ந்த புறா. முதல் இடம் பெற்றது வெளியூரிலிருந்து ஷோவுக்குப் பத்து நாள் முன்னால் வாங்கிவரப்பட்டது. வாங்கியவர் விதியை மீறவில்லை. காலில் ஏதாவது ஒரு கழகத்தின் வளையம் இருந்தால் போதும், இன்றைக்கு யார் கையில் இருக்கிறதோ அவர் பெயரில் கோப்பை என்பதுதான் எங்கள் விதி. அந்த விதியை எழுதிய நாலு பேரில் நானும் ஒருவன். அது தவறான விதி என்று இப்போது சொல்கிறேன். வரும் பொதுக்கூட்டத்தில் அதை மாற்றக் கோருகிறேன். காரணத்தை இங்கே விரிவாக எழுதிவிடுகிறேன். கூட்டத்தில் தமிழ், உருது, கன்னடம் மூன்றும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை.

புறா வளர்க்காதவர்களுக்காக வளையத்திலிருந்து தொடங்குகிறேன். அது மூட்டே இல்லாத முழு வட்டம். ஆண்டு, கழகத்தின் எழுத்து, வரிசை எண் மூன்றும் அதில் இருக்கும். குஞ்சு பொரித்து ஏழிலிருந்து பத்து நாளுக்குள் போட்டுவிட வேண்டும். முன்விரல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து வளையத்துக்குள் நுழைத்து, பின்விரலைக் காலோடு படுக்கவைத்து மேலே தள்ளி, கடைசியில் ஒரு தீக்குச்சியால் அந்தப் பின்விரலை மெதுவாக வெளியே எடுத்துவிடுவோம். இரண்டு நாள் முந்தினால் கழன்று விழும், இரண்டு நாள் பிந்தினால் ஏறாது. பந்தயத்தில் பறக்கவிடும் ஹோமர் புறாவுக்கு 8 மில்லிமீட்டர் போதும். உடல் பருத்த கிங் ஜாதிக்கும், காலெல்லாம் இறகு வளரும் நம்மூர் லக்காவுக்கும் இன்னும் பெரிய அளவு வேண்டும். வளர்ந்த புறாவின் காலில் இதை நேர்வழியில் போட முடியாது. அதனால், அந்த எண்ணில் வளையம் வாங்கியவர் யாரோ அவர் கூட்டில்தான் அந்தக் குஞ்சு கண் திறந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இத்தனை நம்பகமான சாட்சியைக் காலில் மாட்டிவிட்டு, கோப்பை கொடுக்கும்போது அதைப் படிக்காமல் விடுகிறோம்.

சரி, வளர்ப்பது என்றால் என்ன? மற்ற புறாவுக்கு வாலில் 12 இறகு. லக்காவுக்கு 30, சிலதுக்கு 40 வரை போகும். அத்தனை இறகும் ஒன்றுகூட ஒடியாமல், விசிறி விரித்தது போல நிற்க வேண்டும். சரியான ஜோடி போடத் தெரிய வேண்டும். தலைக்கொண்டை நன்றாக இருக்கும் ஆணுக்கு வால் சுமாராக இருக்கும். அதற்கு ஏற்ற பெட்டையைத் தேடி, ஒத்துவரும்வரை பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் வைத்துப் பார்க்க வேண்டும். முட்டை இரண்டு. அடை 18 நாள். கழுத்து இறகு முகத்தை மூடிக்கொள்ளும் ஜாக்கோபின் போன்ற ஜாதிகளை நம்பிக் குஞ்சை விட முடியாது என்பதால் முட்டையை எடுத்துச் சாதா ஜோடிக்கு அடியில் மாற்றி வைப்போம். எங்கள் ஆட்களின் மாடியில் பரிசே வாங்காத சாதா ஜோடி இரண்டாவது இருப்பது இதற்காகத்தான். முதல் சில நாள் குஞ்சுக்குத் தாயும் தகப்பனும் தொண்டைப் பையில் சுரக்கும் பாலைத்தான் ஊட்டும். தகப்பனும் பால் ஊட்டுகிற பறவை இது. இதை முதன்முதலில் பார்த்த அன்றிலிருந்துதான் எனக்கு இந்தப் பைத்தியம்.

அப்புறம் கம்பு, சோளம், கோதுமை, பச்சைப்பயறு. பருவத்துக்குப் பருவம் அளவு மாறும். மழைக்காலத்தில் கூண்டில் ஈரம் சேராமல் பார்க்க வேண்டும். கொசுவால் அம்மை வரும், அதற்கும் காவல். இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் மாதங்களில் தீனி குறைந்தால் அந்த வருட இறகே சோனியாகிவிடும். பெங்களூரில் மழை ஓய்ந்து, புது இறகெல்லாம் முழுசாக வளர்ந்து நிற்பது டிசம்பர், ஜனவரியில். ஷோ அப்போது நடப்பது அதனால்தான். மர்ஃபி டவுனிலும் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வாடகை வீட்டு மாடியில், தகரக் கூரைக்கடியில், வீட்டுக்காரரின் முணுமுணுப்புக்கு நடுவே இதையெல்லாம் செய்கிறார்கள். ஒருத்தர் இத்தனையும் செய்த பிறகு கடைசிப் பத்து நாள் மட்டும் வைத்திருந்தவர் மேடை ஏறுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இது என் தனிப்பட்ட ரோஷம் இல்லை. இந்தக் கலையின் மரபே அப்படித்தான். டார்வின் புறா வளர்த்தவர், லண்டனில் இரண்டு புறாக் கழகங்களில் உறுப்பினர். அங்கே ஒரு சாராயக் கடையில் புறாக்காரர்களோடு ஒரு மாலை உட்கார்ந்திருந்ததை 1859-ல் தன் விஞ்ஞானி நண்பர் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ஒருவர் தொண்டைப் பையை ஊதிக்காட்டும் தன் பௌட்டர் புறாக்களுக்குப் பருமன் வர வேண்டும் என்று வேறு ஜாதியோடு கலந்துவிட்டதாக அங்கே பேச்சு வந்ததாம். கேட்ட அத்தனை பேரும் பெரிய பாவத்தைக் கேள்விப்பட்டது போல மௌனமாகத் தலையை ஆட்டினார்களாம். அவர்களுக்குப் பெரிய புறா கிடைத்ததா என்பது முக்கியமில்லை, எப்படி வந்தது என்பதுதான் மானப் பிரச்சினை. அந்த மானம் நம்மிடமும் இருக்கிறது. முக்கிப் புறாவுக்கு இரு சிறகிலும் ஓரத்தில் இரண்டிரண்டு இறகுதான் வெள்ளையாக இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு வெள்ளை இருந்து அதைப் பிடுங்கிவிட்டுக் கொண்டுவந்தால் நடுவர் கண்டுபிடித்து வெளியே அனுப்புகிறார், எல்லோரும் கைதட்டுகிறோம். ஒரு இறகுக்கு இவ்வளவு பார்க்கிற நாம், முழுப் புறாவும் அடுத்தவர் உழைப்பாக வந்து நின்றால் மாலை போடுகிறோம்.

இனி இதைவிடக் கடுமையான விஷயம். அதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நாலு வருஷம் முன்பு நடந்த ஷோவில் வாசலில் நான்தான் இருந்தேன். வியாபாரியிடம் வாங்கி, தனியாக ஒரு நாள்கூட வைத்திருக்காமல் நேராக ஷோவுக்குக் கொண்டுவந்த புறா ஒன்று. கழிச்சல் தண்ணீராக இருந்தது. "பயணக் களைப்பு சார்" என்றார் கொண்டுவந்தவர். அந்த வருடப் பந்தல் செலவில் பாதி அவர் கொடுத்தது. நான் உள்ளே விட்டேன். மூன்று வாரத்துக்குள் ஆறு பேர் மாடியில் புறாக்கள் கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தன. தானியத்தைக் குறி பார்த்துக் கொத்த முடியாமல் பக்கத்துத் தரையைக் கொத்தின. கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சலின் நெருங்கிய சொந்தம் அந்த வைரஸ். வந்த பிறகு மருந்து கிடையாது. கையால் ஊட்டிக் காப்பாற்றினால் சிலது பிழைக்கும். தடுப்பூசி போட்டாலும் அது உடலில் பிடிக்கச் சில வாரம் ஆகும், ஷோவுக்கு முதல் நாள் குத்திப் பயனில்லை. என் மாடியில் 11 புறா போனது. ஒரு பெரியவருக்கு இருபது வருஷமாகக் காத்த ஹோமர் வரிசையே அறுந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்கப்புறம் ஷோவுக்கு வரவும் இல்லை.

வாங்கிய புறாவுக்குக் கோப்பை உண்டு என்று வைத்திருக்கும்வரை, ஷோவுக்கு முந்தின மாதம் ஊர் ஊராகப் புறா மாறிக்கொண்டேதான் இருக்கும். ரயிலில், பஸ்ஸில், ஒரே பெட்டியில் பத்து ஜோடியாக வரும். நோய் வர இதைவிடச் சுலபமான வழி வேறில்லை. வளர்த்தவருக்குத்தான் கோப்பை என்றாகிவிட்டால் டிசம்பரில் அவசரமாக வாங்குவதற்கு யாருக்கும் காரணம் இருக்காது.

எதிர்ப்பேச்சு எனக்குத் தெரியும். பணம் கொடுப்பவர்கள் விலகிவிடுவார்கள் என்கிறார்கள். விலகினால் கல்யாண மண்டபம் வேண்டாம், பள்ளிக்கூடத் திடலில் சாமியானா போட்டு நடத்துவோம். கூண்டு நம்முடையது, மரத்தூள் தச்சுப்பட்டறையில் கிடைக்கும், தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறது. நடுவரின் பயணச் செலவும் சாப்பாடும்தான் கை கடிக்கும். அதை நுழைவுக் கட்டணத்தில் சமாளிக்கலாம்.

புதிதாக வருபவர் வாங்காமல் எப்படித் தொடங்குவார் என்பது நல்ல கேள்வி. தாராளமாக வாங்கட்டும். நல்ல ஜோடியை நல்ல விலை கொடுத்தே வாங்கட்டும், வளர்த்தவருக்கும் அந்தக் காசு போய்ச் சேரும். ஜனவரியில் ஜோடி போட்டால் பிப்ரவரி கடைசிக்குள் குஞ்சுக்கு வளையம் ஏறிவிடும், அதே டிசம்பரில் அந்தக் குஞ்சு கூண்டில் நிற்கும். ஒரே ஒரு வருஷப் பொறுமை. வாங்கிய புறாவைக் காட்ட ஆசைப்படுபவர்களுக்குப் பரிசு இல்லாத பார்வைக் கூண்டு வரிசை ஒன்று வைப்போம். அவர்களுக்கும் தடுப்பூசிச் சீட்டு கட்டாயம், மூன்று வாரம் தனியே வைத்திருக்க வேண்டும் என்பதும் கட்டாயம்.

இன்னொன்று, போகிற போக்கில். ஷோ வாசலில் பச்சைக்கிளி விற்க வருபவர்களை இந்த முறை உள்ளே விடப்போவதில்லை. நம்மூர்க் கிளியைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம். புறாக்காரன் பெயர் அதனால் கெட வேண்டாம்.

என் கோரிக்கை இவ்வளவுதான். கழகப் பதிவேட்டில் யார் பெயரில் வளையம் எடுக்கப்பட்டதோ அவருக்கு மட்டுமே போட்டிப் பிரிவு. வளையம் அடுத்தவருக்குக் கைமாறக் கூடாது. எத்தனை வளையம் எடுத்தார், எத்தனை குஞ்சுக்குப் போட்டார், மீதி எங்கே என்று வருடக் கடைசியில் கணக்குக் காட்ட வேண்டும். பரிசு அறிவிக்கும்போது வளைய எண்ணும் வளர்த்தவர் பெயரும் மைக்கில் வாசிக்கப்பட வேண்டும். இரண்டாம், மூன்றாம் இடத்துக்கும் சேர்த்து.

ஜீவனஹள்ளித் தம்பியிடம் இதைச் சொல்லிவிட்டேன். கூட்டத்துக்கு வருகிறேன் என்றான், வேலைக்கு அரை நாள் லீவு கேட்டிருக்கிறானாம். மற்றவர்களும் வாருங்கள், எதிர்த்துப் பேச நினைப்பவர்கள் அவசியம் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி, வழக்கமான இடம். அவரவர் வளைய நோட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள். பழைய பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கும் வேலையை அன்றைக்கே தொடங்கிவிடலாம்.