2023 வரிப் போராட்டம் எதைக் காட்டுகிறது?

2023இல் இலங்கையில் வருமான வரி உயர்வுக்கு எதிராக நடந்த போராட்டத்தை ஆதாரமாகக் காட்டி, ‘இலங்கை மக்கள் செல்வப் பகிர்வையே விரும்பவில்லை’ என்று சிலர் சொல்வது தவறான முடிவு. கொழும்பில் அன்று வீதிக்கு இறங்கியவர்களில் பெரும்பாலோர் வைத்தியர்கள், விரிவுரையாளர்கள், வங்கி, துறைமுக ஊழியர்கள் போன்ற மாதச் சம்பளக்காரர்கள். வரிவிலக்கு எல்லை மாதம் 1,00,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டதுடன், வரி வீதம் உயரும் வருமானப் படிகள் மிக நெருக்கமாக வைக்கப்பட்டதால், ஏறத்தாழ 3,08,000 ரூபாய்க்கு மேற்பட்ட மாத வருமானத்துக்கே உச்ச வீதமான 36 சதவீதம் விதிக்கப்பட்டது. அதாவது மூத்த வைத்தியரின் கடைசி ரூபாய்க்கும் பெருமுதலாளியினுடைய சம்பளத்தின் கடைசி ரூபாய்க்கும் ஒரே வீதம்தான். சுமை யார்மீது எவ்வாறு ஏற்றப்படுகிறது என்ற அந்த வாக்குவாதத்தைப் பகிர்வுக்கு எதிரான தீர்ப்பாக வாசிப்பது அவசரம் (வரி பிடிக்கும் என்று சொல்பவர் எந்த நாட்டில்தான் இருக்கிறார்?).

அதே ஆண்டு நடுப்பகுதியில் வறிய குடும்பங்களுக்கு அரசு பண உதவி வழங்கும் ‘அஸ்வெசும’ திட்டத்தின் பெயர்ப்பட்டியல் வெளியானபோது, தம் பெயர் விடுபட்டதென்று பிரதேச செயலகங்களுக்கு முன்னால் மக்கள் திரண்டதை ஏன் கணக்கில் எடுக்கவில்லை? அவர்கள் கேட்டதே பகிர்வைத்தானே.

‘ஏழைகள் வரியே கட்டுவதில்லை’ என்று அவர்கள் சொல்வதும் சரியல்ல. பொருள்களின் விலையோடு சேர்த்து வாங்குபவரிடம் அறவிடப்படும் பெறுமதி சேர் வரி (VAT) 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். வெள்ளவத்தையில் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் அந்த மூத்த வைத்தியரும் அதற்குச் செலுத்தும் வரி ஒன்றே.