பத்து நிமிடம் போதும்

குழந்தைகள் சங்கீதம் கற்பது பற்றிய உங்கள் கட்டுரையில், குழந்தை தினமும் ஒரு மணி நேரம் சாதகம் (வீட்டுப் பயிற்சி) செய்வதைப் பெற்றோர் உறுதிசெய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கா?

நாங்கள் இருப்பது மொரிசியஸில், கியூர்பிப் பக்கம். மகள் கர்நாடக வயலின் கற்கிறாள். ஆரம்பத்தில் அரை மணி நேரம் உட்காரவைத்தேன். வயலின் பெட்டியைக் கண்டாலே அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும்! அப்புறம் பத்து நிமிடமாகக் குறைத்தோம். தொடக்கப் பாடமான சரளி வரிசையில் ஒன்றே ஒன்று, அதுவும் மெதுவான முதல் காலத்தில் மட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் தட்டியும் விரல்களை எண்ணியும் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் போடுவேன். எனக்குச் சங்கீதம் தெரியாது, எட்டு வரை எண்ணத் தெரியும். ஒருநாள் வில்லை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தாள். "சுண்டுவிரலை விட்டுட்டியே அம்மா" என்றாள், எங்கள் ஊர் மொழியான கிரியோலில்தான். அன்றிலிருந்து அவளே கூப்பிடுகிறாள்.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்று, வயலின் அளவு. மலிவாகக் கிடைத்ததே என்று முழு அளவு வாங்கி அவதிப்பட்டோம். இந்த வயதில் பெரும்பாலும் 1/4 அளவுதான் கைக்கு எட்டும். எங்கள் ஊர் மழை ஈரத்தில் தந்தியை முறுக்கும் பிருடை வேறு இறுகிக்கொள்ளும். சுருதி சேர்க்க மட்டும் ஆசிரியரிடம் கேட்டு நானே பழகிக்கொண்டேன். தந்தி இரண்டு முறை அறுந்தது, அது வேறு கதை.