கூழைக்கடாவைச் சுற்றி அந்த வெள்ளைக் கோடு எதுக்கு?

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் சீசன் தொடங்கினால் போதும், டைம்லைன் முழுக்கக் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும்தான். சந்தோஷம். ஆனா பல படங்களில் பறவையைச் சுற்றி வெள்ளைக் கோடு, இறகெல்லாம் கம்பி கம்பியாக விறைத்து நிற்கிறது. லென்ஸைக் குறை சொல்லாதீங்க அண்ணாச்சி. எடிட்டில் படத்தைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கை முதலிலேயே, படம் முழுக்க, அளவுக்கு மேல் போட்டதால் வந்த வினை.

ஷார்ப்பனிங் இல்லாத நுணுக்கத்தைக் கொண்டுவந்து தராது. வெளிச்சமும் இருட்டும் சேரும் ஓரத்தில் வெளுப்பை இன்னும் வெளுப்பாக்கும், கருப்பை இன்னும் கருப்பாக்கும், அவ்வளவுதான். ரேடியஸைக் கூட்டினால் அந்த ஓரம் அகலமாகிக் கோடாகவே தெரியும். மஞ்சள் மூக்கு நாரையின் மார்புப் பட்டை கருப்பும் வெள்ளையுமாகச் செதில் செதிலாக இருப்பதால் முதலில் கெடுவது அங்கேதான். படத்தை 100 சதவீதத்தில் வைத்து அந்தப் பட்டையைப் பாருங்க, அளவு மிஞ்சியதா என்று உடனே தெரிந்துவிடும்.

ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் பதிவு) முதல் வேலை நாய்ஸை, அதாவது புள்ளி புள்ளியாக விழும் பிசிறைக் குறைப்பது. மாஞ்சோலை மாதிரி இருட்டுக் காட்டில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200-க்குப் போனால் நாய்ஸ் இல்லாமல் இருக்காது. அதன் மேல் ஷார்ப்பனிங் போட்டால் ஒவ்வொரு புள்ளியும் மணலாக உறுத்தும். லைட்ரூம் மென்பொருளில் ஷார்ப்பனிங் அமவுன்ட் 40 முதல் 60, ரேடியஸ் 0.8 முதல் 1, டீடெயில் 25-ஐத் தாண்ட வேண்டாம். பலரும் தொடாமல் விடும் மாஸ்கிங் ஸ்லைடர்தான் முக்கியம். ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு அதை நகர்த்துங்க. வெள்ளையாகத் தெரியும் இடத்தில் மட்டும்தான் ஷார்ப்பனிங் விழும். வானமும் குளத்துத் தண்ணீரும் கருப்பாகும்வரை தள்ளுங்க. பெரும்பாலும் 60-லிருந்து 80-க்குள் வந்து நிற்கும்.

வெளிச்சம், நிறம், க்ராப் எல்லாம் முடிந்த பிறகு நீளப் பக்கத்தை 2048 பிக்சலுக்குச் சுருக்குங்க. கலர் எஸ்ஆர்ஜிபி (இணையத்துக்கு ஏற்ற நிற அமைப்பு). சுருக்கும்போது படம் கொஞ்சம் மழுங்கும், அதனால் கடைசி ஷார்ப்பனிங் சுருக்கிய பிறகுதான். போட்டோஷாப்பில் அன்ஷார்ப் மாஸ்க்: அமவுன்ட் 60 முதல் 80, ரேடியஸ் 0.3 முதல் 0.5. அதைத் தனி லேயரில் போட்டு, ப்ளெண்டிங்கை லுமினாசிட்டியில் (நிறத்தைத் தொடாமல் வெளிச்சத்தை மட்டும் மாற்றுவது) வைத்தால் ஓரங்களில் நிறம் பிசிறாது. பிறகு மாஸ்க் போட்டுக் கண், அலகு, தலைக்கு மட்டும் விடுங்க. கண் கூர்மையாக இருந்தால் வால் நுனியை யாரும் தேடப்போவதில்லை. க்ராப் செய்து 900 பிக்சல்தான் மிஞ்சியதென்றால் சின்னப் படமாகவே போடுங்க, இழுத்துப் பெரிதாக்க வேண்டாம்.

பின்னணியை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், முகநூல் எப்படியும் ஃபைல் அளவைக் குறைக்கப் படத்தை மறுபடி அமுக்கும். பின்னணியில் கூர்மையாக்கிய நாய்ஸ் இருந்தால் ஃபைலின் இடத்தை அது தின்றுவிடும், இறகுக்கு மிஞ்சுவது குறைவு. வாட்ஸ்அப் குழுவில் சாதாரணமாக வந்த படத்தை இறக்கி மறுபடி முகநூலில் ஏற்றினால் இரட்டை அமுக்கல். நண்பருக்கு அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்புங்க.

மொபைலில் ஸ்னாப்சீட் எடிட் ஆப் வைத்திருப்பவர்கள், நுணுக்கங்களைத் தூக்கிக் காட்டும் ஸ்ட்ரக்சரைத்தான் முதலில் இழுக்கிறார்கள். கேடே அதுதான். அதைப் 10-க்கு மேல் ஏற்றாமல், எடிட் வரலாற்றுக்குள் போய் ப்ரஷ்ஷால் பறவைமேல் மட்டும் பூசலாம்.

சில படங்களுக்கு எந்த ஸ்லைடரும் உதவாது. உச்சி வெயிலில் குளத்துக்கு அக்கரையில் நிற்கும் பூநாரையை 600 எம்எம்மில் எடுத்தால், நடுவில் இருக்கும் சூடான காற்று உருவத்தையே நெளியவைக்கும். ஷார்ப்பனிங் அந்த நெளிவையும் சேர்த்துக் கூர்மையாக்கும். காலையிலேயே போங்க, கிட்ட இருக்கும் பறவையை எடுங்க. பறக்கும் பறவையை 1/250 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்து ஆடிப்போன படமும் இதே கணக்குதான். அதற்கு 1/2000 வேணும்.

"அதான் ஏஐ இருக்கே" என்பார்கள். அது ஊகித்து இறகு வரையும். வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்குப் பரவாயில்லை. ஆனா இலைக்கதிர்க்குருவி இனங்களைப் பிரிக்க இறக்கையில் இருக்கும் மெல்லிய வெளிர்ப்பட்டைதான் அடையாளம் என்கிற இடத்தில், மென்பொருள் அந்தப் பட்டையை அழிக்கலாம், இல்லாததைப் போடவும் செய்யலாம். மங்கோலியாவில் ஆய்வுக்காகக் கழுத்துப் பட்டை மாட்டப்பட்ட வரித்தலை வாத்து எங்காவது கண்ணில் பட்டால் இன்னும் கவனம் வேணும். பட்டையில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் தெளிவாக்குகிறேன் என்று ஏஐயில் போட்டால் 3 எளிதாக 8 ஆகிவிடும். அந்த மாதிரிப் படத்துக்கு எடிட்டே வேண்டாம், கேமராவிலிருந்து வந்த ஃபைலை அப்படியே ஆய்வாளர்களுக்கு அனுப்புங்க.