பெயர் ஒட்டியிருப்பது ஒரே ஒரு குப்பியில்

வகைப்பாட்டியல்காரர்களுக்கு வேறு வேலையே இல்லை, பாக்டீரியா பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்ற புலம்பல் நுண்ணுயிரியல் படித்தவர்களிடம்தான் அதிகம். ஒரு பெரிய பாக்டீரியாத் தொகுதியின் பெயரை ஃபிர்மிக்யூட்ஸ் என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு அது 2021இல் பேசிலோட்டா ஆனதில் கோபம். கோபப்படுங்கள், தப்பில்லை. ஆனால் குழப்பத்துக்குக் காரணம் பெயர் மாற்றம் அல்ல, எந்த ஸ்ட்ரெயினை (சிற்றினத்துக்குள் தனியாகப் பிரித்தெடுத்து வளர்த்த வம்சம்) வைத்து வேலை செய்தோம் என்று எழுதாமல் விடும் பழக்கம். ஃபீகாலிபாக்டீரியம் என்ற பேரினத்தின் கதை ஒன்றே இதைக் காட்டப் போதும்.

நல்ல ஆரோக்கியத்தில் உள்ளவரின் பெருங்குடலில் மிக அதிகமாக வாழும் பாக்டீரியாக்களில் இது ஒன்று. நாம் செரிக்காமல் அனுப்பும் நார்ச்சத்தை நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கிறது. குடற்சுவர் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். 1937இல் இதை பாக்டீராய்ட்ஸ் பேரினத்தில் வைத்தார்கள். 1970இல் ஃபியூசோபாக்டீரியத்துக்கு மாற்றினார்கள். ஏன் அங்கே? ஆக்சிஜன் ஆகாது, ஸ்போர் இல்லை, குச்சி வடிவம், செல்சுவர் வகையைக் காட்டும் கிராம் சாயத்தில் நெகட்டிவ், நொதித்தால் பியூட்டிரேட் வருகிறது. அன்றைய அடையாளப் பட்டியலில் இத்தனையும் பொருந்தினால் ஃபியூசோபாக்டீரியம்தான். அன்றைக்கு இருந்த கருவிகளுக்கு அது சரியான முடிவு என்றே சொல்வேன்.

பாக்டீரியாக்களின் உறவுமுறையைக் கண்டறியப் பயன்படும் 16எஸ் ரைபோசோம் மரபணுவைப் படித்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. இதன் உறவு, இன்று பேசிலோட்டா எனப்படும் தொகுதியிலுள்ள கிளாஸ்ட்ரிடியம் லெப்டம் கூட்டத்தோடு. ஃபியூசோபாக்டீரியத்தோடு பேரின உறவு இல்லை, குடும்ப உறவுகூட இல்லை. தொகுதியே வேறு! கிராம் பாசிட்டிவ் வம்சத்தில் பிறந்து நெகட்டிவாகச் சாயம் ஏற்கிற பிராணி. 2002இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் உள்ள ரோவெட் ஆய்வு நிலையத்தின் சில்வியா டங்கனும் சக ஆய்வாளர்களும் இதற்கென்று புதுப் பேரினம் அமைத்தார்கள். மலத்திலிருந்து வரும் பாக்டீரியம் என்பதுதான் பெயரின் லத்தீன் பொருள். பிராஸ்நிட்ஸி என்ற சிற்றினப் பெயர் பழையபடியே கூட வந்தது.

இங்கேதான் பலர் கவனிக்காத விதி. ஒரு சிற்றினப் பெயர் சட்டப்படி ஒட்டியிருப்பது ஒரே ஒரு வளர்ப்பில். அதை டைப் ஸ்ட்ரெயின் என்கிறோம். பிராஸ்நிட்ஸிக்கு அது ஏடிசிசி என்ற அமெரிக்க வளர்ப்பு வங்கியின் 27768ஆம் எண் வளர்ப்பு. ஆனால் ஆய்வகங்கள் விரும்பி வளர்த்தது ஏ2-165 என்ற வேறொரு ஸ்ட்ரெயினை. குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயில் அழற்சியைத் தணிக்கும் என்று 2008இல் பெரிதாகப் பேசப்பட்ட பிரெஞ்சு ஆய்வும் அதை வைத்துத்தான். முழு மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டால் இரண்டுக்கும் இடையிலான சராசரி ஒற்றுமை, சிற்றின எல்லையான 95 சதவீதத்துக்கு வெகு கீழே. 2022இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஏ2-165ஐத் தனிச் சிற்றினமாக்கி, டங்கனின் பெயரையே வைத்தார்கள்: ஃபீகாலிபாக்டீரியம் டங்கனியே. பெண்ணின் பெயர் என்பதால் லத்தீனில் அந்த ஈறு. ஆக, பிராஸ்நிட்ஸி செய்தது என்று நாம் மேற்கோள் காட்டும் சோதனைகளில் கணிசமானவை உண்மையில் டங்கனியே செய்தவை. ஸ்ட்ரெயின் எண்ணை எழுதிவைத்த கட்டுரைகளை இன்றும் திருத்திப் படிக்கலாம். எழுதாதவற்றை ஒன்றும் செய்ய முடியாது.

இன்று புதுப் பேரினம் அமைக்க என்ன வேண்டும்? முதலில் உயிருள்ள தூய வளர்ப்பு. ஃபீகாலிபாக்டீரியம் மாதிரி பாக்டீரியாவை வளர்க்க முயல்பவர்களில் பலர் தோற்பது இங்கேதான், காற்றுப்பட்ட சில நிமிடங்களில் அது செத்துவிடும். இதை வளர்க்கப் பயன்படும் ஒய்சிஎஃப்ஏ என்ற ஊட்ட ஊடகத்தில் லிட்டருக்கு கேசிடோன் 10 கிராம், ஈஸ்ட் சாறு 2.5 கிராம், சோடியம் பைகார்பனேட் 4 கிராம், சிஸ்டீன் 1 கிராம், ஆக்சிஜன் இருப்பதை நிறத்தால் காட்டும் ரெசாசுரின் 1 மில்லிகிராம். இவற்றோடு ஹீமின், வைட்டமின்கள், குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள். அசிடேட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். இது அசிடேட்டை உண்டு பியூட்டிரேட்டாக மாற்றுகிற ஆள், அது இல்லாவிட்டால் வளர்ச்சி மந்தம். தட்டுகளை முந்தைய நாளே ஆக்சிஜனற்ற அறைக்குள் வைத்துவிட வேண்டும். ஊடகம் இளஞ்சிவப்பாக இருந்தால் ஆக்சிஜன் இன்னும் உள்ளே இருக்கிறது, நிறம் போகும்வரை பாக்டீரியாவை விடக்கூடாது. தனிக் காலனியை எடுத்து மூன்று முறையாவது மறுபடி கோடிழுத்து வளர்க்க வேண்டும். மெதுவாக வளரும் வேறொரு பாக்டீரியா துணைவனாக ஒளிந்திருந்தால் மரபணுத்தொகுதி இரண்டும் கலந்து வந்து, இல்லாத பேரினம் ஒன்று பிறந்துவிடும்!

பிறகு 16எஸ் முழு நீளம், ஏறக்குறைய 1,500 டிஎன்ஏ எழுத்துகள். நெருங்கிய டைப் ஸ்ட்ரெயினோடு ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே என்றால் புதுச் சிற்றினமாக இருக்க வாய்ப்பு, 94.5க்குக் கீழே என்றால் புதுப் பேரினம். இவை வெறும் கைகாட்டிகள். சிற்றினத்தை உறுதிசெய்ய முழு மரபணுத்தொகுதி ஒப்பீடு இருக்கிறது. பேரினத்துக்கு அப்படி எல்லாரும் ஒப்புக்கொண்ட எண் கிடையாது. ஒரே பேரினம் என்றால் இரண்டுக்கும் பொதுவான புரதங்கள் 50 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற அளவுகோல் சில குடும்பங்களில் வேலை செய்கிறது, சிலவற்றில் கைவிடுகிறது. மரபுமரத்தில் தனிக் கிளையாக நிற்கிறதா, நொதிப்புப் பொருள்களும் செல் கொழுப்பு அமிலங்களும் அதை ஆமோதிக்கின்றனவா என்று சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும். எண்ணை மட்டும் காட்டிப் பேரினம் அறிவிக்கும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

கடைசிப் படி காகித வேலை மாதிரி தெரியும், ஆனால் பெயர் செல்லுமா செல்லாதா என்பதை முடிவுசெய்வது அதுதான். இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு பொது நுண்ணுயிர் வளர்ப்பு வங்கிகளில் டைப் ஸ்ட்ரெயினை வைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். யார் கேட்டாலும் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்தியாவிலிருந்து அனுப்புவோர் பல்லுயிர்ச் சட்ட அனுமதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது, தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. வங்கியில் உறைய உலர்த்தும்போது ஸ்ட்ரெயின் செத்துப்போவதும் உண்டு. ஆகவே ஆக்சிஜன் படாமல் கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் சொந்தப் பிரதி வைத்திருங்கள். வங்கி திருப்பித் தரும் குப்பியை வளர்த்து 16எஸ் ஒருமுறை படித்துப் பாருங்கள், லேபிள் மாறிய கதைகள் இந்தத் துறையில் உண்டு.

இப்போது பலர் பகிரும் குடல் பரிசோதனை அறிக்கைகளுக்கு வருகிறேன். அவற்றில் பல 16எஸ்ஸில் சுமார் 250 எழுத்துள்ள ஒரு துண்டை மட்டும் படிப்பவை. ஃபீகாலிபாக்டீரியத்தின் சிற்றினங்களை அந்தத் துண்டால் நம்பகமாகப் பிரிக்க முடியாது. "பிராஸ்நிட்ஸி குறைவு" என்று அதில் அச்சிட்டிருந்தால் பேரினப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டாவது சொல்லை அடித்துவிட்டுப் படியுங்கள். முழு மரபணுத்தொகுதியைப் படித்த அறிக்கையில் பெயருக்குப் பின்னால் அடிக்கோடும் ஓர் எழுத்தும் தெரிந்தால், அது மரபணுத் தரவுத்தளம் வைத்த தற்காலிக அடையாளம். விதிப்படி வைத்த பெயர் அல்ல, அந்த எழுத்துக்குப் பின்னால் டைப் ஸ்ட்ரெயின் குப்பி எதுவும் இல்லை.