கணக்கு சரிதான், தாள்தான் போய்விட்டது

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் பால் கடையில் கணக்கு எழுதுகிறேன். பாலை எடை போட்டு, டிஆர்சி (பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்பது) பார்த்து, உலர் எடைக்குத்தான் விலை போடுவோம். 20 கிலோ பாலுக்கு 35 சதவீதம் வந்தால் 7 கிலோ. மாதக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்: 31 நாள் பால், ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியது), முன்பணம், கழிவு எல்லாமாக 52 வரி. அதை அச்சுக்கு ஒழுங்குபடுத்த எக்செல் 2003-இல் நானே ஒரு மேக்ரோ (ஒருமுறை பதிந்த வேலைகளைத் தானாகத் திரும்பச் செய்யும் கட்டளைத் தொகுப்பு) பதிவு செய்து வைத்திருந்தேன்.

பழைய கணினி ஒரு மழை நாளில் உயிரை விட்டது. வந்த கணினியில் எக்செல் 2016. மேக்ரோ ஓடியது, பிழை எதுவும் காட்டவில்லை. நானும் தாள்களைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பால் கொண்டுவரும் ஒரு அம்மை தாளோடு வந்து நின்றார். "மக்களே, தொகையைக் காணவில்லையே?"

மொத்தம், பிடித்தம், மீதி, கையெழுத்து ஆகிய நான்கு வரியும் இரண்டாம் தாளுக்குப் போயிருந்தன. அந்த இரண்டாம் தாள்களோ அச்சுப்பொறிக்குக் கீழே கிடந்தன.

காரணம் தேடியதில் அரை நாள் போனது. 2003 வரை புதிய கோப்பின் எழுத்துரு ஏரியல் 10, வரி உயரம் 12.75 புள்ளி. 2007-இல் அது கலிப்ரி 11, உயரம் 15 என்று ஆனது. தாளின் மேலேயும் கீழேயும் விடும் ஓரத்தை எக்செல் 1 அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலமாகக் குறைத்தும் பயனில்லை. ஏ4 தாளில் 54 வரி பிடித்த இடத்தில் 48 வரிதான் பிடிக்கிறது. என் மேக்ரோ ஒவ்வொரு முறையும் புதிய கோப்பு திறக்கும். உயரத்தை நான் எங்கும் சொல்லவில்லை. சொல்லாததை மென்பொருள் தன் விருப்பப்படி நிரப்பிக்கொண்டது.

என் தவறும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் "நீங்கள்தான் காலத்தோடு மாற வேண்டும்" என்று பரிந்துரைப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. பிழை காட்டி நின்றிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன். சத்தமில்லாமல் தோற்றத்தை மட்டும் மாற்றுவதுதான் ஆபத்து. கூட்டல் ஒரு பைசா பிசகவில்லை. ஆனால் பால் கொண்டுவருகிறவர் சூத்திரத்தையா பார்க்கிறார்? தாளின் அடியைப் பார்க்கிறார். அங்கே தொகை இல்லையென்றால் கடைக்காரன் ஏதோ மறைக்கிறான் என்றுதான் நினைப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

வரி உயரத்தை 12.75 என்று எழுதிவைத்தேன். ஒரே பக்கத்தில் அடக்கு என்றும் கட்டளையிட்டேன். அது முதலில் கேட்கவில்லை. மேக்ரோவில் ஜூம் (அச்சின் அளவு சதவீதம்) என்பதை ஃபால்ஸ், அதாவது 'இல்லை', ஆக்கினால்தான் அந்தக் கட்டளை அதன் காதில் விழும் என்பதைக் கண்டுபிடிக்க இன்னொரு மணி நேரம்.

இந்த மாதம் ஒரே தாள் கொடுத்தேன். அம்மை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மற்றத் தாள் எங்கே, மக்களே?"