டின் நம்பரும் டின் மீனும்

ஒன்லைனில் குக்கர் வாங்க உட்கார்ந்த வெள்ளவத்தை மாமி பாதியில் எனக்குப் போன் எடுத்தா. “தம்பி, டின் நம்பராம். டின் மீன் பேணியில அடிச்சிருக்கிறதோ?”

சிரித்து முடிய எரிச்சல்தான் வந்தது. டின் (TIN) என்பது வரி அடையாள இலக்கம். அந்தத் தளத்தில் அதற்கு ஒரு கட்டாயப் பெட்டி. நிரப்பாமல் காசு கட்ட விடாது. நான் விளக்கி முடிக்க முதலே மாமி தன் பழைய அடையாள அட்டை இலக்கத்தை, கடைசி எழுத்தை விட்டுவிட்டு அடித்துவிட்டா. தளமும் ஏற்றுக்கொண்டது!

ஏற்காமல் என்ன செய்யும்? வரி அடையாள இலக்கமும் 9 எண், பழைய அட்டையில் எழுத்துக்கு முன்னால் இருப்பதும் 9 எண். எண்ணிப் பார்க்க மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்த அட்டை இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். வயதைத் தங்கச்சிக்கே சொல்லாத மனுசி, முன்பின் தெரியாத கடைக்காரனுக்குப் பிறந்த நாளையே கொடுத்திருக்கிறா.

நான் புறக்கோட்டைக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறவன். கம்பனிக்காரருக்கு இந்த இலக்கம் எவ்வளவு முக்கியம் என்று தெரியும். 1,18,000 ரூபாய்க்குப் பிரிண்டர் வாங்கினால் அதில் 18,000 வற், அதாவது பெறுமதி சேர் வரி. அந்த வரியைக் காட்டுகிற பில், டாக்ஸ் இன்வொய்ஸ், சரியாக இருந்தால்தான் அதை அவர்கள் தங்கள் வரியில் கழிக்கலாம். ஒரு எண் பிசகினாலும் அவர்களின் கணக்காளர் விடியவே அழைப்பார். வற் இலக்கம் என்பது டின்னுக்குப் பின்னால் 7000. சிலர் நடுவில் கோடு போடுவார்கள், சிலர் போடமாட்டார்கள். அதைச் சீராக்குவது எங்கள் வேலை. வாங்குகிறவர் முகத்தில் சிவப்பு எழுத்தில் ‘பிழை’ என்று எறிவதில்லை.

ஆனால் வீட்டுக்குக் குக்கர் வாங்குகிற மாமி எந்த வற்றைக் கழிக்கப் போகிறா? ‘டாக்ஸ் இன்வொய்ஸ் வேண்டுமா’ என்று ஒரு கேள்வி, ஆம் என்றால் மட்டும் பெட்டி திறக்கட்டும். இதைச் சொன்னால் முதலாளிமார், “வாங்கி வைப்பம், ஒருநாளைக்கு உதவும்” என்பார்கள். நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் எடுக்காதே என்கிறது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். 18 வயது தாண்டிய எல்லாரையும் டின் எடுக்கச் சொன்னது அரசாங்கம். அது இறைவரித் திணைக்களத்துக்கும் எங்களுக்கும் இடையில் உள்ள கதை. குக்கர் விற்கிறவருக்கு அதில் என்ன வேலை?

நேற்றுக் குக்கர் வந்தது. பெட்டிக்கு வெளியே ஒட்டிய பில்லில் ‘கொள்வனவாளர் டின்’ என்று மாமியின் அட்டை இலக்கம், பெயர், விலாசம், போன் நம்பர். கீழே வாசலில் செக்கியூரிட்டியின் மேசையில் அது பகல் முழுக்க இருந்ததாம்.