பேண்டைக் கழற்றியவர்களை யார் கேட்பது?

ஆபீஸ்களில் ஃபிட்னஸ் பேண்ட் (நடை, தூக்கம், இதயத்துடிப்பை அளக்கும் கைப்பட்டை) பற்றி எடுக்கும் சர்வே எது கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு கேள்வியைத்தான்: "முன்பு கட்டியிருந்து இப்போது கழற்றிவிட்டீர்களா? எப்போது, ஏன்?" பெரும்பாலும் அது இருக்காது.

கேள்வித்தாள் எழுதுவதுதான் என் பிழைப்பு. சோப்பு, பிஸ்கட், டூவீலர் என்று பலதுக்கும் எழுதியாகிவிட்டது. கொஞ்ச காலமாக இந்த பேண்ட் வேலைகள் வருகின்றன. கம்பெனிகளுக்கு மொத்தமாக விற்க நினைப்பவர்களும் வருகிறார்கள், ஏற்கெனவே வாங்கிக் கொடுத்துவிட்டு "எப்படிப் போகிறது என்று ஊழியர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்பவர்களும் வருகிறார்கள். கையோடு ஒரு டிராஃப்டும் வரும். அண்மையில் வந்த ஒன்றின் முதல் கேள்வி: "நிறுவனம் வழங்கிய பேண்ட் உங்கள் ஆரோக்கியத்தை எந்த அளவுக்கு மேம்படுத்தியிருக்கிறது?" தேர்ந்தெடுக்க நான்கு பதில்கள்: மிக அதிகம், அதிகம், ஓரளவு, இன்னும் சிறிது காலம் தேவை. "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்ல இடமே இல்லை. கல்யாணப் பந்தியில் பெண்ணின் அப்பா பக்கத்தில் வந்து நின்று "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால் என்ன பதில் வருமோ, அதுதான் இதிலும் வரும்.

சோப்பு சர்வேயில் இந்தச் சிக்கல் இல்லை. காசு கொடுத்தவர் அவரே, தேய்த்துக் குளிப்பவரும் அவரே. பேண்டில் அப்படி இல்லை. வாங்குவது எச்.ஆர். என்ற மனிதவளப் பிரிவு, கட்டுவது ஊழியர், அதிலிருந்து வரும் தகவலைப் பார்ப்பது இன்னொருவர். விற்பவருக்கு எச்.ஆர். தலைவரின் திருப்தி போதும், அடுத்த ஆர்டர் அவரிடமிருந்துதான். அதனால் ஊழியர்களிடம் எடுக்கும் சர்வேகூட எச்.ஆரிடம் காட்டும் ஸ்லைடுக்காகவே எழுதப்படுகிறது.

சிங்கப்பூரில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வை இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லாரும் படித்திருக்க வேண்டும். 13 நிறுவனங்களின் 800 ஊழியர்கள். ஒரு பகுதியினருக்குக் கருவி இல்லை. மற்றவர்களுக்கு இடுப்பில் செருகிக்கொள்ளும் ஃபிட்பிட் ஸிப் என்ற ஸ்டெப்ஸ் எண்ணும் கருவி. அவர்களில் சிலருக்கு வெறும் கருவி, சிலருக்குக் கருவியோடு பணம், சிலருக்கு அவர்கள் பேரில் தொண்டு நிறுவனத்துக்குப் பணம். வாரத்துக்கு 50,000 ஸ்டெப்ஸைத் தாண்டினால் 15 சிங்கப்பூர் டாலர், 70,000ஐத் தாண்டினால் 30. ஆறு மாதம் இப்படிப் போனது. பணம் வாங்கியவர்கள் நன்றாகவே நடந்தார்கள். அப்புறம் பணத்தை நிறுத்தினார்கள். ஆண்டு முடிவில் அவர்கள் பழைய நடைக்கே திரும்பியிருந்தார்கள். எடையிலோ ரத்த அழுத்தத்திலோ சொல்லும்படியான முன்னேற்றம் எந்தக் குழுவிலும் இல்லை. கருவி வாங்கியவர்களில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேர் ஆறு மாதத்திலேயே விட்டுவிட்டார்கள். ஓராண்டு முடிந்தபோது மிஞ்சியது பத்தில் ஒருவர்.

அந்தப் பன்னிரண்டாவது மாதத்தில் போய் "இப்போது பயன்படுத்துபவர்கள் மட்டும் பதில் சொல்லுங்கள்" என்று ஒரு சர்வே எடுத்திருந்தால் என்ன வந்திருக்கும்? மிச்சமிருந்த அந்தப் பத்தில் ஒருவர் மனதாரப் பாராட்டியிருப்பார். "பயனாளர்கள் பெருமளவில் திருப்தி" என்று ஸ்லைடு தயாராகியிருக்கும். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் 2016இல் தொடங்கிய ஆய்வு இதன் இன்னொரு முகத்தைக் காட்டியது. அது பேண்ட் பற்றியது இல்லை, ஊழியர் நலத் திட்டம் பற்றியது. விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்கள், திட்டம் வருவதற்கு முன்பே மருத்துவச் செலவு குறைவாகவும் நல்ல பழக்கங்களோடும் இருந்தவர்கள் என்று தெரிந்தது. குலுக்கல் முறையில் பிரித்த இரு குழுக்களை ஒப்பிட்டபோது திட்டத்தால் வந்த வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சர்வே படிவத்தை முதல் நாளே நிரப்பி அனுப்புபவரும் அதே ஆள்தான். காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடிவிட்டு ஆபீஸ் வருபவர்.

சரி, உண்மையைச் சொல்ல நினைக்கும் ஊழியரால் அதைச் சொல்லத்தான் முடிகிறதா?

படிவத்தின் மேலே "உங்கள் பதில்கள் ரகசியமாக வைக்கப்படும்" என்றிருக்கும். கீழே பிரிவு, வயது, ஆணா பெண்ணா, வேலையில் சேர்ந்த ஆண்டு. பன்னிரண்டு பேர் கொண்ட டீமில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண் ஒருவர்தான் இருப்பார். அவர் பெயரை எழுதத் தேவையே இல்லை. அமெரிக்காவில் அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றை மட்டும் வைத்து மக்கள்தொகையில் 87 சதவீதத்தினரைத் தனியாக அடையாளம் காண முடியும் என்று கணினி விஞ்ஞானி லடான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். இதில் பல கம்பெனிகள் சர்வே லிங்கையே ஆளுக்கொன்றாக அனுப்புகின்றன. யார் இன்னும் நிரப்பவில்லை என்று நினைவூட்டல் மெயில் வருகிறது என்றால், யார் நிரப்பினார்கள் என்று அவர்களுக்குத் தெரியும் என்றுதானே பொருள்?

அதனால் நிஜமான பதில் ஆபீஸ் வாசல் டீக்கடையில்தான் கிடைக்கிறது. குண்டும் குழியுமான ரோட்டில் பைக் ஓட்டினாலே ஸ்டெப்ஸ் ஏறுகிறது என்று ஒருவர் சிரிக்கிறார். குழந்தையைத் தொட்டிலில் ஆட்டும் கையில் கட்டிக்கொண்டால் ராத்திரிக்குள் டீமிலேயே முதலிடம் என்கிறார் இன்னொருவர். அமெரிக்க கிளையண்ட்டுக்காக நள்ளிரவு வரை கால் பேசுபவர் தூக்க ஸ்கோரைப் பற்றிப் பேசும்போது மட்டும் சிரிப்பு நின்றுவிடுகிறது. "தூக்கம் கெடுவது இவர்கள் கொடுத்த வேலையால். அதை அளந்து காட்டுவதும் இவர்கள் கொடுத்த பேண்ட். அப்ரைசலில் என்னிடமே கேட்பார்களோ?" ஒரு பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: ஆப்பில் மாதவிலக்குத் தேதியைப் போடச் சொல்கிறது, போட்டால் அது எங்கே போகும்? கர்ப்பமானால் வீட்டில் சொல்வதற்கு முன்பே ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் அவர் பயம். நான் பார்த்த எந்த டிராஃப்டிலும் இதற்கு ஒரு கேள்வி இல்லை. பட்டையின் நிறம் பிடித்திருக்கிறதா என்பதற்கு இருந்தது.

"தினமும் 10,000 ஸ்டெப்ஸை எட்டுகிறீர்களா?" என்பது எல்லாப் படிவத்திலும் உண்டு. 1965இல் ஜப்பானில் யமாசா கம்பெனி விற்ற நடைமானியோடு பரவிய எண் அது, ஆராய்ச்சியில் கண்டுபிடித்தது இல்லை. சராசரி வயது 72 உள்ள அமெரிக்கப் பெண்களிடம் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில் பலன், அதாவது இறப்பு அபாயம் குறைவது, 7,500 ஸ்டெப்ஸ் வாக்கிலேயே நின்றுவிட்டது. விடுங்கள், அது தனிப் பஞ்சாயத்து.

ஊழியரைக் கேட்காமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் இருக்கிறது. 2018இல் அங்கே ஆசிரியர்கள் மாநிலம் முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளமும் காப்பீட்டுச் செலவும்தான் முக்கியக் காரணங்கள். ஆனால் எரியும் நெருப்பில் எண்ணெயாக விழுந்தது கோ365 என்ற ஃபிட்னஸ் ஆப். அதில் புள்ளிகள் சேர்க்காவிட்டால் மாதம் 25 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றார்கள். எதிர்ப்பைப் பார்த்து அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். நம் நாட்டில் நாக்பூர், பஞ்ச்குலா, சண்டிகர் மாநகராட்சிகள் தூய்மைப் பணியாளர்கள் கையில் ஜிபிஎஸ் வாட்ச் மாட்டின. அது ஃபிட்னஸுக்கு இல்லை, நேரடிக் கண்காணிப்பு. அவர்கள் போராடியபோது ஐடி ஆட்கள் நமக்கில்லை என்று கடந்து போனார்கள். தூய்மைப் பணியாளர்களுக்கு வந்தது உத்தரவு, நமக்கு வருவது பரிசுப் பெட்டி. மணிக்கட்டு ஒன்றுதான்.

2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். ஒப்புதல் நிபந்தனையில்லாமல், சுதந்திரமாகத் தரப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலை தொடர்பான நோக்கங்களுக்கு ஒப்புதல் இல்லாமலேயே தகவலைக் கையாள முதலாளிக்கு இடம் தருகிறது. ஆபீஸ் கொடுத்த பேண்டின் இதயத்துடிப்பு இதில் எந்தப் பக்கம் சேரும் என்று கம்பெனி எழுத்தில் சொல்லட்டும், பிறகு சர்வே எடுக்கட்டும்.

எடுப்பதென்றால் நன்றாகவே எடுக்கலாம். எத்தனை பேர் கட்டுகிறார்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை, பேண்ட் கடைசியாக எப்போது ஆப்புக்குத் தகவல் அனுப்பியது என்பது ஆப்பை நடத்துபவருக்குத் தெரியும். பேண்டால் சொல்ல முடியாததை மட்டும் கேட்டால் போதும். சங்கடமான கேள்விக்கும் வழி உண்டு. 1965இல் ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர் தொடங்கிவைத்த யோசனையின் எளிய வடிவம் இது. "உங்கள் பேண்டை வேறொருவர் கையில் கட்டி ஸ்டெப்ஸ் ஏற்றியதுண்டா?" என்று கேட்கிறோம். பதில் சொல்பவர் யாருக்கும் காட்டாமல் ஒரு காசைச் சுண்டுகிறார். தலை விழுந்தால் எதுவானாலும் "ஆம்" என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் உண்மையை எழுத வேண்டும். நூறு பேரில் 64 "ஆம்" வந்தால், அதில் சுமார் 50 தலை விழுந்ததால் வந்தவை. மீதி 14, உண்மை சொன்ன 50 பேரிலிருந்து வந்தது. ஆக ஏறக்குறைய 28 சதவீதம். எந்த ஒருவரின் "ஆம்" நிஜம் என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணிக்கை ரொம்பச் சின்ன டீமில் இது எடுபடாது, நானூறு ஐந்நூறு பேர் உள்ள ஆபீஸில் அருமையாக வேலை செய்யும்.

இதையெல்லாம் சேர்த்து அந்த டிராஃப்டைத் திருத்தி அனுப்பினேன். "ஒன்றும் ஆகவில்லை" என்ற பதிலை ஏற்றுக்கொண்டார்கள். வயது, சேர்ந்த ஆண்டு இரண்டையும் நீக்கச் சம்மதித்தார்கள். காசு சுண்டுவதைக் கேட்டுச் சிரித்தார்கள். கழற்றியவர்களிடம் தனியாகக் கேட்போம் என்றதற்கு, "சார், அவங்கதான் யூசரே இல்லையே" என்று பதில் வந்திருக்கிறது. பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

உங்கள் ஆபீஸில் பேண்ட் கொடுத்து நீங்கள் கழற்றியவராக இருந்தால், எத்தனையாவது மாதம், என்ன காரணம் என்று கமெண்டில் எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம்.